தண்டையல் இல்லாத தோணிகள்

1

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. இரவு வேலை முடிந்து வீடு வந்து, தேநீர்க் கோப்பையோடு குந்தியிருந்தேன். பன்னிரண்டு வயது மகள் பாடசாலை நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம் ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, நீங்களும் போட்டிலதானே தப்பி வந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை. ஊருக்குள்ளதான். கிளாலியால ஒருக்கா."

"ஆர் ஓட்டினது?"

"ஒரு ஆள்."

"அவற்றை பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதுகூடப் பெரிதில்லை. முப்பது வருடங்களாக அப்படியொரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இக்கட்டுரை அந்தத் திகைப்பிலிருந்து பிறந்தது. ஒரு காலத்தில் மாணவருக்கு இலக்கியத் திறனாய்வு சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது மேற்கு லண்டனில் ஒரு தொழிற்சாலையில் பட்டியில் வரும் பாண் துண்டுகளுக்கு இடையில் முட்டையும் சலாதும் வைப்பவன். திறனாய்வுப் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. மகள் உறங்கியபின் அந்தப் புத்தகத்தை வாசித்தேன். பிறகு அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றைத் தேடி எடுத்து வாசித்தேன். இரண்டும் கடல்கொண்ட எதிர்காலப் பிரித்தானியாவில் பிள்ளைகள் படகேறிப் போகும் கதைகள்.

"வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பகற்கனவு, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது என்பதே என் கட்சி. இந்தக் கதைகளில் உள்ள குறை ஒன்று எங்களுடைய குறையாகவும் இருக்கிறது. அவர்களிடத்தில் அது ஓர் இலக்கிய மரபின் குறை. எங்களிடத்தில் அதற்கு வேறு பெயர் உண்டு.

2

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் கடலோட்டக் கதை பழைய சரக்கு. 'புதையல் தீவு' 1883இல் நூலாக வந்தது. எனக்கு இங்கே முக்கியமானது ஆர்தர் ரான்சம் 1937இல் எழுதிய 'கடலுக்குப் போக நாங்கள் நினைக்கவில்லை' என்ற பொருள்படும் தலைப்புடைய நாவல். நான்கு பிள்ளைகள் ஹாரிச் துறைமுகத்து மூடுபனியில் நங்கூரம் பிடிகொடாமல் ஒரு சிறு பாய்க்கப்பலோடு வெளிக்கடலுக்கு இழுபட்டுப் போகிறார்கள். பெரியவர்கள் எவரும் கப்பலில் இல்லை. மூத்தவன் ஜோன் சுக்கான் பிடித்து, இரவுப் புயலைக் கடந்து, ஒல்லாந்துக் கரையில் ஃபிளஷிங் துறையிற் சேர்க்கிறான். ரான்சம் கடல் தெரிந்தவர். கதையில் வரும் பாதையைத் தானே ஓடிப் பார்த்தபின் எழுதியவர். பாய் சுருக்குவது, திசைகாட்டி பார்ப்பது எல்லாம் அதில் துல்லியம். அவர் வகுத்த சூத்திரம் இதுதான்: பெரியவர்களை அப்புறப்படுத்து, படகைப் பிள்ளையின் கையிற் கொடு, பிள்ளை தலைவனாகும்.

இரண்டாயிரத்தாம் ஆண்டளவில் இந்தச் சூத்திரம் காலநிலை மாற்றத்தின் பயத்தோடு கலக்கிறது. மார்கஸ் செட்ஜ்விக்கின் 'ஃபிளட்லாண்ட்' 2000இல் வந்தது. 2022இல் காலமான இவருக்கு இதுவே முதல் நாவல். முதல் நாவல்களுக்கென்றே வழங்கப்படும் பிரான்ஃபோட் போஸ் விருதை 2001இல் பெற்றது. கடல் உயர்ந்து கிழக்கு இங்கிலாந்து மூழ்கிவிட்டது. நோரிச் நகரம் ஒரு தீவு. தீவிலிருந்து போகும் கப்பலில் ஏறுகின்ற நெரிசலில் ஸோயி என்ற சிறுமி தாய் தந்தையரைத் தவறவிட்டுக் கரையிற் தனித்துப் போகிறாள். கைவிடப்பட்ட படகொன்றைக் கண்டெடுத்து, ஒளித்து வைத்துச் சீர்செய்து, ஒரு நாள் தள்ளிக்கொண்டு புறப்படுகிறாள். போய்ச் சேரும் இடம் ஈல்ஸ் தீவு. டூபி என்ற சிறுவன் தலைமையில் ஒரு கொடிய கூட்டம் அங்கே ஒரு பாழடைந்த பேராலயத்தில் வாழ்கிறது.

அது ஈலி நகரம் என்பது இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். சதுப்பு நிலத்துக்கு நடுவே ஈலி உண்மையிலேயே ஒரு தீவாக இருந்தது. விலாங்கு மீனிலிருந்து வந்த பெயர் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பொறியியலாளர் வெர்மொய்டனின் திட்டப்படி அச்சதுப்பு வடிக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வெளியில் மிதப்பதுபோற் தெரியும் அந்தப் பேராலயத்தை இன்றும் 'சதுப்புநிலக் கப்பல்' என்றே அழைக்கிறார்கள். ஆகவே செட்ஜ்விக் செய்தது வெறுங் கற்பனையன்று. மனிதர் கடலிடமிருந்து பறித்ததைக் கடல் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்கிறார். 1953 ஜனவரி 31ஆம் திகதி இரவு வடகடல் பொங்கி இங்கிலாந்தில் 307 பேரையும் ஒல்லாந்தில் 1,800க்கு மேற்பட்டோரையும் கொண்டுபோனது. இந்நாட்டார் வெள்ளத்தை எதிர்காலத்தில் வைத்து எழுதினாலும் அவர்களுடைய பயத்துக்கு ஒரு கடந்தகாலமும் உண்டு.

3

மகள் கொண்டுவந்தது மற்றைய புத்தகம்: ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ஜூலி பெர்டான்யாவின் 'எக்ஸோடஸ்' (2002). 'ஸெனித்' (2007), 'அரோரா' (2011) என்று இரண்டு தொடர்ச்சிகள் பின்னர் வந்தன. இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதி. வட அத்திலாந்திக்கில் 'விங்' என்ற சிறு தீவு நாளுக்கு நாள் நீருக்குள் போகிறது. மாரா என்ற பெண்பிள்ளை, கடலுக்கு மேலே வானளாவக் கட்டிய புதிய நகரங்கள் இருக்கின்றன, அங்கே போவோம் என்று ஊரவரை இணங்கவைக்கிறாள். ஊர் படகுகளில் ஏறுகிறது. வயோதிபர் சிலர் தீவிலேயே நின்றுவிடுகிறார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்களுடைய வீட்டிலும் ஒரு கிழவி "நான் வரேல்லை, நாயும் மாடும் நிக்குது" என்று வாசற்படியில் இருந்துவிட்டார்.

நாவலின் உச்சம் அவர்கள் நகரத்தை அடையும் இடம். நகரத்தைச் சுற்றி ஒரு பெரும் மதில். மதிலுக்கு வெளியே, அழுக்கு நீரில், நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. உள்ளே விடமாட்டார்கள்; திரும்பிப் போக ஊரும் இல்லை. நோய், பசி, காவற்படகுகள். அந்த மக்களிலிருந்து வேலைக்கு வலுவுள்ளவர்கள் மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டு அடிமைகளாக உள்ளே கொண்டுபோகப்படுகிறார்கள். மாராவின் தாய், தந்தை, தம்பி எல்லோரும் கடலில் மாண்டுபோகிறார்கள். நான்தானே எல்லோரையும் கூட்டிவந்தேன் என்ற குற்றவுணர்வு அவளை விட்டுப் போவதேயில்லை.

பசுபிக் தீவுவாசிகளின் நிலம் மூழ்குவது பற்றிய செய்தியே தன்னைத் தூண்டியதாக நூலாசிரியர் சொல்லியிருக்கிறார். எங்களை நினைத்து அவர் எழுதவில்லை. ஆயினும் இந்த மதிற்காட்சியை எதிர்காலம் என்று என்னால் வாசிக்க முடியவில்லை. 1987இல் பிரித்தானிய அரசு தஞ்சம் கோரி வந்தவர்களை, அவர்களுட் தமிழர் பலர், 'ஏர்ல் வில்லியம்' என்ற பயணிகள் கப்பலில் அடைத்து வைத்தது. கப்பல் நின்றது ஹாரிச் துறையில். ரான்சமின் பிள்ளைகள் இழுபட்டுப்போன அதே ஹாரிச். அவ்வருடம் ஒக்டோபர் 16ஆம் திகதிப் பெரும்புயலில் அந்தக் கப்பலும் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரைதட்டியது. உள்ளிருந்தோர் பின்னர் விடுவிக்கப்பட்டனர். நாவல் வெளிவந்து சரியாக ஐம்பது வருடங்கள். கடலுக்குப் போக நினைக்காதவர்கள் இம்முறையும் கப்பலில் இருந்தார்கள். சுக்கான் மட்டும் எவர் கையிலும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகும் இது ஓயவில்லை. 2010 ஓகஸ்டில் 'சன் சீ' 492 தமிழருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. 2021 ஒக்டோபரில் 89 தமிழரோடு கனடா நோக்கிப் போன படகொன்று இந்துசமுத்திரத்தில் பழுதடைய, அதிலிருந்தோர் டியகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அத்தீவில் கூடாரங்களில் மூன்று வருடங்களுக்கு மேல் வைக்கப்பட்டபின், 2024 டிசெம்பரில் அவர்களிற் பெரும்பாலோர் இங்கே வந்து சேர்ந்தார்கள். பெர்டான்யா நூறு வருடங்களுக்கு அப்பால் வைத்த மதில் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. இதைச் சொல்வது நூலைக் குறைப்பதற்காக அன்று. மதிலுக்கு உள்ளே வாழும் பிள்ளையை மதிலுக்கு வெளியே மிதக்கும் படகில் முந்நூறு பக்கங்கள் இருத்தி வைக்கிறாரே, அது பெரிய காரியம். என் மகளின் வகுப்பில் அதை வாசித்த பிள்ளைகளுக்குப் படகில் வருபவர் என்றால் என்ன என்பது தொலைக்காட்சிச் செய்தி காட்டுவதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

4

இனிக் குறைக்கு வருகிறேன்.

ஸோயியின் படகு கண்டெடுத்த படகு. யார் கட்டியது, யாருடைய கை அதைப் பழக்கியது என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. பிள்ளை துடுப்புப் பிடிக்கிறது, கடல் வழிவிடுகிறது. மாராவின் தீவில் மீன்பிடிகாரர் இருக்கிறார்கள். ஆனால் ஊரைக் கடத்துவது அவர்களது கடலறிவு அன்று, மாராவின் துணிவு. இறுதியில் நூல்களிலிருந்து பெற்ற ஓர் அறிவைக் கொண்டு - பனியின் பாரம் நீங்கிய கிறீன்லாந்தில் நிலம் மேலெழுந்திருக்கும் என்பது அது. விஞ்ஞானமும் அதை ஒப்பும் - அவள் மக்களைக் கப்பல்களில் ஏற்றி வடக்கே கொண்டுபோகிறாள். வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த இடம் இனிக்கத்தான் செய்தது. 1981இல் நூலகம் எரிந்த ஊரைச் சேர்ந்தவன், மூழ்கிய பல்கலைக்கழகக் கோபுரத்தில் எஞ்சிய நூல்கள் ஒரு சனத்தைக் காப்பாற்றுவதை வாசித்து நெகிழாமல் இருப்பானா? ஆனால் நெகிழ்ச்சி அடங்கியபின் கேள்வி எழுகிறது. புத்தகம் திசையைச் சொல்லும். அலையில் படகை நிமிர்த்திப் பிடிப்பது யார்?

இவ்வகைக் கதைகள் பிள்ளையைத் தலைவனாக்குவதற்காகத் தண்டையலை இல்லாமற் செய்கின்றன. விளைவு கதையோடு நிற்பதில்லை. தப்பியவர் தம் துணிவால் தப்பினார் என்றால், தப்பாதவர் துணிவற்றவர் என்று ஆகிறது. உண்மையில் தப்புதல் என்பது அநேகமாக இன்னொருவர் எங்களைக் கொண்டுபோவது. அந்த இன்னொருவருக்கு இன்றைய உலகில் இடம் இரண்டே. சாகசக் கதையில் அவர் இல்லை. சட்டத்தில் அவர் குற்றவாளி. 2022ஆம் ஆண்டின் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டம், பிறரை இந்நாட்டுக்குள் வர உதவும் குற்றத்துக்கான உச்சத் தண்டனையைப் பதினான்கு வருடங்களிலிருந்து ஆயுட்காலமாக உயர்த்தியது. காசுக்காகச் சனத்தைக் கொல்லும் கூட்டங்கள் இருக்கின்றன; அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் பிடிபடுவது பெரும்பாலும் முதலாளி அல்ல. தானும் அகதியாய் ஏறி, சுக்கானைப் பிடிக்கச் சொன்னதனாற் பிடித்தவனும் அதே சட்டத்தின் கீழ்த்தான் வருகிறான். இந்தச் சிக்கலைப் பிள்ளைகளுக்கு எழுத முடியாதா? மதிலை எழுத முடிந்தவருக்கு இதையும் எழுத முடியும்.

5

இனி எங்களுடைய பக்கம்.

கடல்கொண்ட கதை எங்களுக்கும் உண்டு. அதை நாங்கள் பின்னே வைத்திருக்கிறோம். இறையனார் களவியல் உரை கடல்கொண்ட சங்கங்களைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் மூழ்கிய நாடுகள் நாற்பத்தொன்பது என்று கணக்கும் தருகிறார். குமரிக்கண்டம் என்ற பெயரில் இது லண்டன் தமிழ்ப் பாடசாலைகளின் பேச்சுப் போட்டிவரை வந்திருக்கிறது. அவர்களுடைய வெள்ளம் பிள்ளையைப் பார்த்து "நீ என்ன செய்வாய்?" என்று கேட்கிறது. எங்களுடைய வெள்ளம் "நாம் எவ்வளவு பெரியவர்களாக இருந்தோம்!" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுகிறது. அந்தக் கடல்கோளில் ஒரு தோணிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நாடுகளின் தொகை இருக்கிறது. ஆற்றின் பெயர் இருக்கிறது. நீந்தியவர் ஒருவர் இல்லை, ஏற்றிப் போனவர் ஒருவர் இல்லை.

'எக்ஸோடஸ்' நாவலில் மூழ்கிய கிளாஸ்கோவின் மரங்களில் வாழும் ஒரு சனம் வருகிறது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் எல்லாம் கோபல்ஸ், புரூமிலோ, கேண்டில்றிக்ஸ் என்று மூழ்கிப்போன கிளாஸ்கோத் தெருக்களின், பகுதிகளின் பெயர்கள். இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்களுடைய ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கடைப் பெயர்களும் நினைவுக்கு வந்தன. இழந்த இடத்தின் பெயரை நாங்கள் விடுவதில்லை. ஆட்களின் பெயர்? அதிலும் சிலது வைத்திருக்கிறோம். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கண்டு மீட்ட மீன்பிடிப் படகுத் தலைவர் கஸ் டோல்டனைக் கனேடியத் தமிழர் மறக்கவில்லை, நன்றி பாராட்டினார்கள். அது முறையே. அப்படியானால் கிளாலியில் இரவுக்கிரவு ஏற்றி இறக்கியவர்களில் ஒருவருடைய பெயராவது என் வாயில் வராதது ஏன்?

ஞாபகமறதி என்று சொல்லித் தப்பலாம். நான் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. எங்களுடைய சமூகத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தும் கடலோடியவர்கள் வேறு பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். கடலிற் போனவரை மீன்விலை கேட்கும் தேவைக்கு மட்டும் அறிந்திருந்த வீடுகளில் எங்களிற் பலர் வளர்ந்தோம். என்னுடைய வீடும் அதுதான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுகளின் பெயரை நான் பாட்டிலும் கட்டுரையிலும் கற்றேன். அந்தக் காற்றில் பாயை எப்படித் திருப்புவது என்று தெரிந்தவரோடு ஒருநாள் இருந்து பேசியதில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' போன்ற நாவல்கள் வளர்ந்தவர்களுக்கு இருக்கின்றன. தமிழகத்தில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழிசூழ் உலகு' இருக்கின்றன. பிள்ளைகளுக்கு? வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், பெயர் மாறி, சமுத்திரங்கள் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. வேறு நாடென்றால் அதைப் பற்றிப் பத்துச் சிறுவர் நாவல்கள் வந்திருக்கும். எங்களிடம் அது விழா மலர்க் கட்டுரையாக நிற்கிறது. மகளின் தமிழ்ப் பாடசாலை அலுமாரியில் அப்படி ஒன்றை நான் காணவில்லை.

6

கிளாலியைச் சொல்லி முடிக்கிறேன். 1994ஆம் ஆண்டு. ஆனையிறவும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டபின் குடாநாட்டார் கடனீரேரியைத்தான் இரவில் கடக்க வேண்டியிருந்தது. முந்திய வருடம் ஜனவரி 2ஆம் திகதி அங்கே படகுகளிற் போன சனத்தைக் கடற்படை வெட்டியும் சுட்டும் கொன்றிருந்தது. அது தெரிந்துகொண்டே ஏறினோம். நாலைந்து வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றிற் பிணைத்து முன்வள்ளத்து இயந்திரம் இழுத்துப் போகும். எங்களுடைய வள்ளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பின்னணியத்தில் நின்றவர் வாய் வெட்டிய எண்ணெய்த் தகரம் ஒன்றை என் பக்கம் நீட்டி, "தம்பி, தண்ணியை இறையுங்கோ" என்றார். என் கையில் பொலித்தீனிற் சுற்றிய சான்றிதழ்கள் இருந்தன. உதவி விரிவுரையாளனாகச் சேர்ந்த புதிது. அவற்றை நனையாமல் தலைக்கு மேலே பிடித்திருந்தேன். தகரத்தை நான் வாங்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மா வாங்கி மறுகரை வரும்வரை இறைத்தார். கரையில் இறங்கும்போது அந்த மனிதர் எல்லோருக்கும் கை கொடுத்து இறக்கினார், எனக்கும் கொடுத்தார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை.

சான்றிதழ்கள் நனையாமல் லண்டன்வரை வந்தன. தொழிற்சாலையில் எவரும் இதுவரை அவற்றைக் கேட்கவில்லை.

இதை மகளுக்குச் சொன்னேன். தகரத்தை வாங்காததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்கள் கதையில வாற ஹீரோ இல்லை" என்றாள். இல்லைத்தான். ஆனால் ஹீரோ இல்லாத ஆட்களும் கடக்கும் கதை ஒன்று எழுதப்பட வேண்டும். அதில் பின்னணியத்தில் நின்றவருக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். எதிர்காலத்திலோ மூழ்கிய கண்டத்திலோ வைக்கத் தேவையில்லை. 1991க்கும் 1995க்கும் இடையில் கிளாலியைக் கடந்தவர்கள் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களை ஏற்றிப்போனவரின் பெயர் நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். நினைவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கான அந்தப் புத்தகத்தை யார் எழுதுவது என்பதைப் பிறகு பேசலாம். முதலில் பெயர்கள் வரட்டும்.